மருந்துப் பெட்டி: "மாத்திரை முழுசா வெளியே வந்து விழுது அண்ணாச்சி!"

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். பிரஷர் மாத்திரை அட்டையில் மருந்துப் பெயருக்குப் பின்னால் எக்ஸ்எல், இஆர், எஸ்ஆர், சிஆர் என்று ஏதாவது எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தால் அதைப் பொடிக்காதீர்கள் என்று. மருந்தை ஒரேயடியாகக் கொட்டாமல் மெதுவாக வெளியே விடுகிற மாத்திரை என்பதற்கு அடையாளம் அந்த எழுத்துகள். அந்த ஒரு வரிக்கு வந்திருக்கிற கடிதங்களைப் பார்த்தால், ஜில்லாவில் பாதிப் பேர் வீட்டில் உரல் வைத்து மாத்திரை இடிக்கிறார்கள் போலிருக்கிறது. சரி, இந்த முறை முழுக்க அந்த மாத்திரைகளைப் பற்றியே பேசிவிடுவோம். இருபது வருஷத்துக்கு மேல் நான் மாத்திரைக்கு மேற்பூச்சு போட்டே சம்பளம் வாங்கியவன், அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மாமியாருக்கு 71 வயது. துபாயிலிருந்து வந்த கொழுந்தனார் நிஃபெடிபின் பிரஷர் மாத்திரை மொத்தமாக வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். நாலு நாளாக மலத்தில் மாத்திரை முழுசாக, உடையாமல் வருகிறது. "வயிறு மருந்த ஏத்துக்க மாட்டேங்குது" என்று அத்தை காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று என்று போட ஆரம்பித்துவிட்டார். என்ன செய்ய?
(வாசகி, சேரன்மகாதேவி)

முதலில் அந்த மத்தியான மாத்திரையை நிறுத்துங்கள், மற்றதை அப்புறம் பேசலாம். தலைசுற்றல், காலில் வீக்கம், படபடப்பு ஏதாவது இருந்தால் இன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போய், இரட்டை மாத்திரை போட்டதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அத்தை பார்த்தது மாத்திரையின் கூடு. மருந்து முழுக்க உடம்புக்குள் போய்விட்டது, காலிக் கூடுதான் வெளியே வந்திருக்கிறது. இந்த வகை மாத்திரைக்குள் இரண்டு அடுக்கு இருக்கும், மேலே மருந்து, கீழே தண்ணீர் பட்டால் ஊதிப் பெருக்கிற ஒரு பொருள். இரண்டையும் சேர்த்து செல்லுலோஸ் அசிடேட் என்கிற சவ்வால் மூடி, மருந்து இருக்கிற பக்கம் லேசர் வைத்து ஒரு பொடி ஓட்டை போட்டிருப்பார்கள். சவ்வு தண்ணீரை உள்ளே விடும், மருந்தை வெளியே விடாது. குடலில் உள்ள தண்ணீர் மெதுவாக உள்ளே இறங்க, கீழடுக்கு ஊதி மேலடுக்கைத் தள்ள, மருந்து அந்த ஓட்டை வழியாக நாள் முழுக்கக் கசிந்துகொண்டே இருக்கும், பற்பசைக் குழாயை அடியிலிருந்து அமுக்குகிற மாதிரி. சவ்வு கரையாது. அதனால் கடைசியில் அப்படியே வந்து விழுகிறது. அமெரிக்காவில் ஆல்ஸா என்ற கம்பெனியில் 1970களில் ஃபெலிக்ஸ் தியூவஸ் என்பவர் இந்த சவ்வூடுபரவல் வித்தைக்கு வழி செய்தார், நிஃபெடிபினுக்கு அது அனுமதி பெற்று வந்தது 1989இல்.

நிஃபெடிபினுக்கு ஏன் இவ்வளவு பாடு என்றால், சாதாரணமாகக் கொடுத்தால் அது ரத்தத்தில் ஏறின வேகத்தில் இறங்கிவிடும், இரண்டு மணி நேரத்தில் பாதி போய்விடும். ஒரு காலத்தில் பிரஷர் எகிறியவர்களுக்கு நிஃபெடிபின் கேப்சூலை ஊசியால் குத்தி நாக்குக்கு அடியில் பிழிந்தார்கள், உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். பிரஷர் தடாலென்று விழுந்து பக்கவாதமும் மாரடைப்பும் வந்ததைப் பார்த்து, 1990களின் நடுவில் இதை நிறுத்துங்கள் என்று டாக்டர்களே மருத்துவ இதழ்களில் எழுத வேண்டி வந்தது. அதே மருந்துதான், மெதுவாக விட்டால் நல்ல மருந்து.

இன்னொன்று. அத்தைக்கு முன்னால் குடல் ஆபரேஷன் ஆகியிருந்தாலோ, குடலில் எங்காவது சுருக்கம் இருந்தாலோ கூடு உள்ள இந்த மாத்திரை ஆகாது, கூடு மாட்டிக்கொள்ளும். டாக்டரிடம் போகும்போது அதையும் சொல்லுங்கள். அப்புறம், கொழுந்தனாரிடம் அடுத்த தடவை பேரீச்சம்பழம் வாங்கி வரச் சொல்லுங்கள், மாத்திரையை நம் டாக்டர் எழுதட்டும்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து விழுங்கச் சிரமம். மெட்டோப்ரோலால் எக்ஸ்எல் 50 மாத்திரையை இடித்து மட்டிப்பழத்தில் பிசைந்து ஒரு மாதமாகக் கொடுத்து வருகிறோம். காலையில் கொடுத்து இரண்டு மணி நேரத்தில் அசந்து போகிறார். நாடி 48 என்று நர்ஸ் சொன்னார். போன இதழைப் படித்துவிட்டுப் பயமாக இருக்கிறது.
(வாசகர், அம்பாசமுத்திரம்)

பயம் நியாயம்தான். நான் திசையன்விளைப் பக்கத்துக்காரன், அதனால் எனக்குத் தெரிந்த மாதிரி சொல்கிறேன். ஒரே பனை, ஒரே பாளை. கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் காலையில் பதநீர் இறங்கும், தடவாமல் கட்டினால் கள். பாளை ஒன்றும் மாறவில்லை, உள்ளே தடவின பூச்சுதான் வித்தியாசம். உங்கள் கையில் இருக்கிற மாத்திரையிலும் அப்படித்தான், 24 மணி நேரத்துக்கான மருந்தைப் பூச்சுக்குள் கட்டிவைத்திருக்கிறார்கள். உரலில் போட்டு இடித்ததும் பூச்சு போயிற்று, ஒரு நாள் மருந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் இறங்கி நாடியைப் பிடித்து இழுக்கிறது. சாயங்காலத்துக்கு மேல் மருந்தே இருக்காது. காலையில் அசதி, ராத்திரி பிரஷர், இரண்டும் ஒரே உரலின் வேலை.

ஆனால் பயந்துபோய் மாத்திரையை நீங்களே நிறுத்திவிடாதீர்கள். இந்த வகை மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் நாடியும் பிரஷரும் எதிர்ப்பக்கம் எகிறும், நெஞ்சுவலிக்காரர்களுக்கு அது ரொம்ப ஆபத்து. இன்றைக்கே டாக்டருக்குப் போன் போட்டு, நாடி 48 என்பதையும், இடித்துக் கொடுத்ததையும் சொல்லுங்கள். பூச்சில்லாத சாதா மெட்டோப்ரோலாலை ஒரு நாளைக்கு இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுப்பதா, வேறு மருந்துக்கு மாற்றுவதா என்பதை அவர் முடிவு செய்வார். அப்பாவுக்கு இதயம் பலவீனமாக இருந்து அதற்காக இதைக் கொடுத்திருந்தால் கணக்கே வேறு. 1999இல் வெளியான, ஏறக்குறைய 4,000 பேரை வைத்துச் செய்த ஆய்வில் உயிர் காத்தது இந்த நீண்ட நேர வகைதான், எனவே அதை மாற்ற டாக்டர் யோசிப்பார்.

"நடுவில் கோடு போட்டிருக்கிறதே, உடைக்கத்தானே?" என்று இதே கடிதத்தில் பின்குறிப்பு எழுதியிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. மெட்டோப்ரோலால் எக்ஸ்எல்லில் பல கம்பெனி மாத்திரைகளுக்குள் தனித்தனியாகப் பூச்சு போட்ட நூற்றுக்கணக்கான பொடி உருண்டைகள் இருக்கும். அதைக் கோட்டோடு இரண்டாக உடைத்தால் உருண்டைகள் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் போகுமே தவிர, பூச்சு போகாது. அதனால் பாதியாக உடைக்கலாம், ஆனால் மெல்லக் கூடாது, இடிக்கக் கூடாது. கோடு இல்லாத எக்ஸ்எல் மாத்திரையை உடைக்கவே வேண்டாம்.

பி.பார்ம் மூன்றாம் வருஷம் படிக்கிறேன். எங்கள் பாடப்புத்தகத்தில் 'நீடித்த வெளியீட்டுப் பூச்சு' ஒன்றரைப் பக்கத்தில் முடிந்துவிடுகிறது. நிஜமாக ஒரு கம்பெனியில் பிரஷர் மருந்துக்கு இந்தப் பூச்சை எப்படி உருவாக்குவார்கள்?
(மாணவர், பாளையங்கோட்டை)

தம்பி, ஒன்றரைப் பக்கம் கொடுத்ததே பெரிய விஷயம், நான் படிக்கும்போது அரைப் பக்கம்.

மெட்டோப்ரோலாலையே எடுத்துக்கொள்வோம். மருந்துப் பொடியை வைத்து ஆரம்பிக்கலாம் என்று நினைப்பாய், ஆனால் நாங்கள் ஆரம்பித்தது நாலு எண்களை வைத்து. மருந்துகளுக்குத் தர அளவு சொல்கிற அமெரிக்க மருந்து நூல் இந்த மாத்திரைக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. முதல் மணி நேரத்தில் 25 சதவீதத்துக்கு மேல் வெளியே வரக் கூடாது, நாலாவது மணியில் 20 முதல் 40, எட்டாவது மணியில் 40 முதல் 60, இருபதாவது மணியில் 80க்குக் குறையக் கூடாது. இந்த நாலு எண்ணுக்கும் நடுவில் போகிற கோடுதான் உன் வேலை. மற்றதெல்லாம் அந்தக் கோட்டை வரைகிற பென்சில்.

அரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு விதை உருண்டை, சர்க்கரையிலோ செல்லுலோஸிலோ செய்தது. பெட்டிக்கடைச் சீரக மிட்டாயில் சீரகத்தின் மேல் சீனி ஏற்றுகிற மாதிரி, அதன் மேல் மருந்தை ஏற்றுகிறோம், மருந்துக்கு மேல் பூச்சை ஏற்றுகிறோம். இந்த யோசனை புதுசில்லை, 1952லேயே ஸ்மித் க்ளைன் அண்ட் ஃப்ரெஞ்ச் கம்பெனி ஸ்பான்சூல் என்று கேப்சூலுக்குள் உருண்டைகளைப் போட்டு விற்றது. பூச்சில் முக்கியமாக இரண்டு சரக்கு. எத்தில் செல்லுலோஸ் தண்ணீரில் கரையாது, அதுதான் சுவர். ஹைட்ராக்சிபுரொப்பைல் செல்லுலோஸ் கரையும், அது கரைந்து போன இடத்தில் பொடிப் பொடியாகத் துவாரம் விழும், அந்தத் துவாரம் வழியாக மருந்து கசியும். காருகுறிச்சிப் பானையில் தண்ணீர் ஊற்றி வைத்தால் வெளியே வியர்க்கிறதே, அந்த மாதிரி. துவாரச் சரக்கைக் கூட்டினால் வேகம், குறைத்தால் மெதுவு. பூச்சின் கனத்தைக் கூட்டினாலும் மெதுவு. உள்ளே கரையாத மருந்து மிச்சம் இருக்கிறவரை கசிவு ஒரே சீராக இருக்கும், அது தீர ஆரம்பித்ததும் கசிவும் தளரும்.

பூச்சைத் தெளிக்கிற இயந்திரத்துக்கு உர்ஸ்டர் என்று பெயர், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டேல் உர்ஸ்டர் 1950களில் செய்தது. குற்றாலத்து அருவியைத் தலைகீழாகப் போட்டதாக நினைத்துக்கொள். அடியிலிருந்து வெந்நீர்ச் சூட்டில் காற்று பீறிட, நடுக்குழாய் வழியாக உருண்டைகள் மேலே பறக்கும், பறக்கிறபோதே கீழிருந்து பூச்சுத் துளிகள் மேலே படும், உச்சிக்குப் போய்ச் சுற்றிலும் விழுந்து மறுபடி நடுவுக்கு வரும். இப்படி மணிக்கணக்காக. தெளிப்பு ஒரு பங்கு கூடிப்போனால் உருண்டைகள் இரண்டு இரண்டாக, நாலு நாலாக ஒட்டிக்கொள்ளும். காற்று ரொம்பச் சூடாகிவிட்டால் துளி உருண்டையைத் தொடும் முன்பே காய்ந்து தூளாகி, பூச்சு சுவராக இல்லாமல் சல்லடையாக நிற்கும். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். நாள் போகப் போக, இயந்திரத்தின் சத்தத்தை வைத்தே உள்ளே ஒட்டுகிறது என்று சொல்லிவிடலாம், பறக்கிற உருண்டையின் சலசலப்பு கனத்துப் போகும்.

அப்புறம் அந்த உருண்டைகளை மாத்திரையாக அழுத்த வேண்டும். அங்கேதான் பல பேர் கவிழ்வார்கள். எத்தில் செல்லுலோஸ் சவ்வு அப்பளம் மாதிரி, வளையாது, நொறுங்கும். அதனால் டிரைஎத்தில் சிட்ரேட், டைபியூட்டைல் செபகேட் மாதிரி இளக்கும் பொருள் எதையாவது சேர்த்துச் சவ்வை வளைய வைக்க வேண்டும், உருண்டைக்கு உருண்டை நடுவில் மெத்தை மாதிரி மைக்ரோகிரிஸ்டலைன் செல்லுலோஸ் பொடியை நிறையப் போட வேண்டும். அழுத்துவதற்கு முன் ஒரு கரைவுச் சோதனை, அதாவது திரவத்தில் போட்டு எந்த மணியில் எவ்வளவு மருந்து வெளியே வருகிறது என்று பார்ப்பது, அழுத்திய பின் ஒன்று. இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தால்தான் பூச்சு பிழைத்தது என்று அர்த்தம்.

இனி என் சொந்தக் கதை. ஹைதராபாத் பக்கம் ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம். ஸ்பிரிட் வாடை அடிக்கிற கரைப்பான் வேண்டாம், தீப்பிடிக்கும் பயமும் வேண்டாம் என்று எத்தில் செல்லுலோஸைத் தண்ணீரில் பால் மாதிரி கலந்து வருகிற சரக்குக்கு மாறினோம். முதல் சோதனை மத்தியானம் 2 மணிக்கு ஆரம்பித்தது. ஆறு கண்ணாடிப் பாத்திரம், ஒவ்வொன்றிலும் 500 மில்லி, 37 டிகிரி, நிமிஷத்துக்கு 50 சுற்று துடுப்பு. இருபதாவது மணி மறுநாள் காலை 10 மணிக்கு வரும், அதனால் ராத்திரி யாராவது ஒருத்தர் காவல் இருக்க வேண்டும், அன்றைக்கு நான். நாலு எண்ணும் கனகச்சிதம். கேன்டீனில் எல்லாருக்கும் என் கணக்கில் காபி.

பிறகு மாத்திரைகளை 40 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம் உள்ள அறையில் வைத்தோம், ஆறு மாதம் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. மூன்றாம் மாதம் எடுத்துச் சோதித்தால், நாலாவது மணியில் 30 வந்த இடத்தில் 17 வருகிறது. யாரும் எதையும் தொடவில்லை. மருந்தின் அளவு சரியாக இருக்கிறது. வெளியே வரத்தான் மாட்டேன் என்கிறது.

ஒரு வாரம் ஒருத்தரை ஒருத்தர் சந்தேகப்பட்டோம், சோதனை செய்த பையனை, பாத்திரத்தை, தண்ணீரை. விஷயம் என்னவென்றால், அந்தப் பால் சரக்கில் எத்தில் செல்லுலோஸ் கண்ணுக்குத் தெரியாத குண்டுமணிகளாக மிதக்கிறது. தெளித்துக் காய்ந்ததும் குண்டுமணிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும், பார்த்தால் சவ்வு மாதிரிதான் இருக்கும், ஆனால் முழுசாக உருகி ஒன்றாகியிருக்காது. சூளையில் வைக்காத பச்சைப் பானையும் பானை வடிவில்தானே இருக்கிறது? அந்த இடைவெளி வழியாகவும் மருந்து கசிந்ததால்தான் முதல் நாள் எண்கள் அழகாக இருந்தன. சூடான அறையில் மூன்று மாதம் இருந்தபோது, குண்டுமணிகள் தாமாகவே ஒன்றோடொன்று கலந்து இடைவெளியை அடைத்துவிட்டன. நாங்கள் பாதியில் இறக்கிய பானையை அந்த அறை சுட்டு முடித்துவிட்டது.

தீர்வு பெரிய மந்திரமில்லை. பூச்சு போட்டதும் உருண்டைகளை 60 டிகிரி அடுப்பில் வைக்க வேண்டும். எவ்வளவு நேரம்? இரண்டு மணி, ஆறு மணி, பன்னிரண்டு மணி, ஒரு முழு நாள் என்று வைத்து வைத்து எடுத்துச் சோதித்து, இனிமேல் சுட்டாலும் கோடு நகராது என்கிற இடத்தைக் கண்டுபிடித்தோம். சுட்ட பிறகு மருந்து மெதுவாகிவிட்டதால் துவாரச் சரக்கைக் கூட்டி மறுபடி முதலிலிருந்து. அதில் எட்டு மாதம் போயிற்று. ஆனால் அதற்குப் பிறகு, முதல் நாளில் அழகாக வருகிற எண்ணை நான் நம்பியதே இல்லை.

2014இல் இந்தியாவில் செய்து அமெரிக்காவுக்குப் போன மெட்டோப்ரோலால் நீண்ட நேர மாத்திரைகள், கரைவுச் சோதனையில் தவறியதற்காகத் திரும்பப் பெறப்பட்டன. செய்தியைப் பார்த்தவர்கள் சிரித்தார்கள், அந்த வேலை செய்தவர்கள் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

காலையில் எக்ஸ்எல் மாத்திரை, ராத்திரி எப்போதாவது ஒரு கட்டிங். பிரச்சினை உண்டா?
(பெயர் வேண்டாம், வள்ளியூர்)

உண்டு. மேலே தம்பிக்குச் சொன்ன எத்தில் செல்லுலோஸ் தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலில் கரையும். அதை ஸ்பிரிட்டில் கரைத்துத்தானே பல கம்பெனிகள் தெளிக்கின்றன. 2005இல் பல்லடோன் என்ற நீண்ட நேர வலிமருந்துக் கேப்சூலை, குடித்தால் மருந்து மொத்தமாகக் கொட்டிவிடுகிறது என்று அமெரிக்காவில் சந்தையிலிருந்தே எடுத்தார்கள். அதற்கப்புறம் இந்த மாதிரி மாத்திரைகளை 40 சதவீதம் வரை ஆல்கஹால் கலந்த திரவத்தில் போட்டும் சோதிக்கச் சொல்கிறார்கள். உங்கள் மாத்திரை அதைத் தாங்கினாலும், சாராயமும் பிரஷர் மருந்தும் சேர்ந்து பிரஷரை இறக்கும், ராத்திரி பாத்ரூம் போக எழுந்திருக்கும்போது விழுவீர்கள். பெயர் வேண்டாம் என்று எழுதியதிலேயே பதில் உங்களுக்குத் தெரியும் என்று தெரிகிறது.

நான் போடுவது அம்லோடிபின். இதில் எக்ஸ்எல்லும் இல்லை ஒன்றும் இல்லை. மட்டமான மருந்தா?
(வாசகி, சுரண்டை)

இல்லவே இல்லை. அம்லோடிபின் உடம்பில் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். அதற்குப் பூச்சு எதற்கு? இயல்பிலேயே நிதானமான ஆளுக்குக் கடிவாளம் போடுவதில்லை.

டாக்டர் மெட்டோப்ரோலால் 50 எழுதினார். அட்டையைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் 47.5 மில்லிகிராம் என்று இருக்கிறது. இரண்டரை மில்லிகிராமை யார் அமுக்கினார்கள்? கடைக்காரரிடம் கேட்டால் "அப்படித்தான் வரும்" என்கிறார்.
(வாசகர், மேலப்பாளையம்)

கடைக்காரர் சொன்னது சரி, ஏன் என்று சொல்ல அவருக்கு நேரம் இல்லை. மெட்டோப்ரோலாலைத் தனியாக மாத்திரையில் போடுவதில்லை, ஒரு அமிலத்தோடு சேர்த்து உப்பாக்கித்தான் போடுவார்கள். பழைய சாதா மாத்திரையில் டார்டாரிக் அமிலம், எக்ஸ்எல்லில் சக்சினிக் அமிலம். சக்சினிக் எடை குறைந்தது. ஆக, சக்சினேட் 47.5இல் இருக்கிற மெட்டோப்ரோலாலும் டார்ட்ரேட் 50இல் இருக்கிற மெட்டோப்ரோலாலும் ஒரே அளவு. பழக்கத்துக்காக 50 என்றே அழைக்கிறார்கள். அரிசி அதேதான், சாக்குதான் லேசு.

ஆனால் நீங்கள் அட்டையைத் திருப்பிப் பார்த்தது நல்ல பழக்கம், அதை விடாதீர்கள். இரண்டுக்கும் 50 என்றே பெயர் இருப்பதால், எக்ஸ்எல் எழுதிய சீட்டுக்குச் சாதா டார்ட்ரேட் 50ஐக் கொடுத்துவிடுகிற தவறு நடக்கிறது, அதை ஒரு வேளை மட்டும் போட்டால் ராத்திரிக்கு மருந்து இருக்காது. அடுத்த முறை வாங்கும்போது கம்பெனி மாறியிருந்தாலும் பரவாயில்லை, சக்சினேட் என்கிற வார்த்தையும் எக்ஸ்எல் அல்லது இஆர் என்கிற எழுத்தும் அட்டையில் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.